பாபிலோன் தோட்டத்தில் ஏலக்காய் விளைந்ததா? – ஒரு கூற்றின் மீதான திறனாய்வு

சுமேரிய, பாபிலோனிய நாகரிகங்களைத் தமிழகத்தோடு இணைத்துப் பேசும் கூற்றுகள் நூறாண்டுக்கும் மேலாகத் தமிழில் வழங்கி வருகின்றன. அவற்றுள் இரண்டு அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன. ஒன்று, கி.மு. 8ஆம் நூற்றாண்டில் பாபிலோன் அரசனின் தோட்டத்தில் ஏலக்காய் பயிரிடப்பட்டது என்பது. மற்றொன்று, சுமேரியர் பேசிய மொழி தமிழே, அல்லது தமிழின் தொல்வடிவமே என்பது. நறுமணப் பயிர் பற்றிய நூல்களிலும், கட்டுரைப் போட்டிகளிலும், மேடைப் பேச்சுகளிலும் இவ்விரண்டும் சேர்த்தே சொல்லப்படுகின்றன. முதற்கூற்று ஏலமலைப் பகுதி மக்களுக்கு நெருக்கமானது. தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரும் அதன் மேற்கே மலைச்சரிவில் உள்ள குரங்கணியும் ஏலக்காயோடு பின்னிப் பிணைந்த ஊர்கள் என்பதே காரணம். இக்கட்டுரை இரு கூற்றுகளையும் அவற்றுக்குக் காட்டப்படும் சான்றுகளின் அடிப்படையில் ஆராய்கிறது.

சுமேரும் பாபிலோனும் ஒன்றல்ல

முதலில் ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். யூப்ரடீசு, டைகிரீசு ஆறுகளுக்கு இடையே, இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் சுமேரிய நகரங்கள் கி.மு. 4ஆம் ஆயிரமாண்டில் வளர்ந்தன. ஊருக் நகரில் கி.மு. 3300 அளவில் எழுத்து தோன்றியது. ஊர் நகரின் மூன்றாம் அரசமரபு கி.மு. 2004 அளவில் வீழ்ந்தது. அதன்பின் சுமேரியம் பேச்சு வழக்கிலிருந்து மறைந்து, கோயில்களிலும் எழுத்தர் பள்ளிகளிலும் மட்டும் கற்கப்படும் மொழியாயிற்று.

பாபிலோன் பேரரசாக எழுந்தது அமுராபியின் காலத்தில் (கி.மு. 1792–1750). பாபிலோனியர் பேசிய அக்காடியம் செமித்திய மொழி. அரபு, எபிரேய மொழிகளுக்கு அது உறவு. சுமேரியமோ எந்த மொழிக் குடும்பத்திலும் சேர்க்கப்படாத தனிமொழி. ஏலக்காய்த் தோட்டத்தின் காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டு. அக்காலத்தில் சுமேரியம் பேச்சு மொழியாக இருந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஆகவே 'சுமேரியர் தமிழர், அதனால்தான் பாபிலோனில் ஏலக்காய்' என்று இரு கூற்றுகளையும் ஒரே வாக்கியத்தில் கோப்பது காலக்கணக்கிலேயே தவறாகிறது.

தோட்டப் பட்டியல் என்ன சொல்கிறது?

ஏலக்காய்க் கூற்றின் மூலம் ஒரு களிமண் பலகை. பாபிலோனை கி.மு. 721 முதல் 710 வரை ஆண்ட மர்துக்-அப்லா-இத்தினா என்ற அரசனின் தோட்டத்துச் செடிகளின் பெயர்ப் பட்டியல் அது. விவிலியத்தில் இவ்வரசன் மெரோதாக்-பலாதான் என்று குறிக்கப்படுகிறான். பலகை இப்போது லண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. பூண்டு, வெங்காயம், கொத்துமல்லி போன்ற பல செடிகளின் பெயர்கள் அதில் வரிசையாக உள்ளன. செடிகளின் படமோ, வருணனையோ, எங்கிருந்து வந்தன என்ற குறிப்போ இல்லை. பெயர்கள் மட்டுமே உண்டு.

அத்தகைய பெயர்களை இன்றைய தாவரங்களோடு பொருத்துவது கடினமான பணி. இதில் பெரும்பங்கு ஆற்றியவர் ஆங்கிலேய அறிஞர் கேம்பல் தாம்சன். அசீரியத் தாவரவியல் அகராதி என்ற அவரது நூல் அவர் மறைவுக்குப் பின் 1949இல் வெளிவந்தது. அக்காடியப் பெயரோடு ஒலியில் ஒத்த அரபு அல்லது சிரியாக் சொல்லைத் தேடி, அச்சொல் குறிக்கும் செடியே பழைய செடியும் எனக் கொள்வது அவர் பெரிதும் பின்பற்றிய முறை. பல இடங்களில் இது பயன் தந்தது. பிற்கால ஆய்வாளர் பல இடங்களில் இதை ஏற்கவில்லை.

ஏலக்காய் எனப் பொதுவாகக் கொள்ளப்படும் அக்காடியச் சொல் 'காகுல்லு'. அரபு மொழியில் 'காகுல்லா' என்பது ஏலக்காயைக் குறிக்கும். இந்த ஒப்புமையே அடையாளத்தின் அடிப்படை. ஆனால் அரபியில் ஏறத்தாழ இதே வடிவுள்ள மற்றொரு சொல் உப்பு நிலத்தில் வளரும் செடியையும் குறிக்கும். கடற்கரை மணலில் வளரும் ஒரு செடிக்கு ஐரோப்பியத் தாவரவியலார் இட்ட 'ககிலே' என்ற பேரினப் பெயர் இந்த அரபுச் சொல்லிலிருந்தே வந்தது. தென் ஈராக் நிலம் பாசனத்தால் உப்பேறியது என்பது அறிந்த செய்தி. பாபிலோனில் ஒரு தோட்டச் செடிக்கு இவ்விரு பொருள்களுள் எது பொருந்தும் என்று கேட்டால், ஏலக்காய் முதல் விடையாக வராது.

இந்த ஐயம் நறுமணப் பயிர் நூல்களுக்குள் வரும்போது மறைந்துவிடுகிறது. 'ஏலக்காயாக இருக்கலாம்' என்பது 'ஏலக்காய் இருந்ததாகக் கூறப்படுகிறது' என்றாகிறது. அடுத்த நூலில் 'பாபிலோனில் ஏலக்காய் வளர்க்கப்பட்டது' என்றாகிறது. பிறகு 'இந்திய ஏலக்காய்' என்றும், மேடையில் 'நம் மலை ஏலக்காய்' என்றும் வளர்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு சொல்தான் மாறியிருக்கும். கடைசிப் படியில் நிற்பவருக்கு முதற்படியில் இருந்த கேள்விக்குறி தெரிவதில்லை.

செடி சொல்லும் சான்று

பலகையைப் படிக்க அக்காடியம் வேண்டும். ஏலச் செடியைப் பற்றி அறிய அது தேவையில்லை. இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளுக்கு உரியது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 முதல் 1,200 மீட்டர் உயரத்தில், ஆண்டுக்கு 1,500 மி.மீ.க்குக் குறையாத மழையில், மரநிழலில், ஈரப்பதம் மிக்க காற்றில் வளர்வது. நீர் தேங்கினாலும் வாடும். ஈரம் குறைந்தாலும் வாடும். பாபிலோன் இருந்த இடத்தில் ஆண்டு மழை 150 மி.மீ.க்கும் குறைவு. கோடையில் வெப்பம் 45 பாகையைத் தாண்டும். காற்று வறண்டது.

பேரீச்ச மர நிழலில், வாய்க்கால் நீர் பாய்ச்சி வளர்த்திருக்கலாமே என்று வாதிடலாம். இதற்கு விடை காண ஈராக் வரை போக வேண்டியதில்லை. ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர்பெற்ற போடிநாயக்கனூர் நகரில் ஏலச் செடி விளைவதில்லை. நகரம் மழைமறைவுச் சமவெளியில் இருக்கிறது. அதற்கு மேற்கே குரங்கணியிலிருந்து மலையேறி, மழைக்காற்று எட்டும் உயரத்தை அடைந்த பிறகே ஏலத் தோட்டம் வரும். சில மணி நேரம் நடந்தால் எட்டும் தொலைவிலுள்ள அடிவாரத்திலேயே, கிணறும் நிழலும் இருந்தும் விளையாத செடி, வறண்ட யூப்ரடீசுக் கரையில் விளைந்தது என்பதற்கு ஒலி ஒப்புமையைவிட வலுவான சான்று தேவை.

மேலும் ஒன்று உண்டு. ஏலம் கிழங்கோடு கூடிய தட்டைகளாலோ புதிய விதைகளாலோ இனப்பெருக்கம் செய்யப்படுகிறது. உலர்த்திய காயிலுள்ள விதை விரைவில் முளைப்புத் திறனை இழக்கும். வணிகச் சரக்காகப் பல மாதம் கடந்து வந்த காயை ஊன்றித் தோட்டம் போட இயலாது.

வந்திருக்கவே முடியாதா?

விளையவில்லை என்பதும் வரவில்லை என்பதும் வேறு வேறு. உலர்ந்த ஏலக்காய் சரக்காக மெசபடோமியாவுக்குப் போயிருக்க முடியாது என்று இங்கே கூறவில்லை. இந்தியாவுக்கும் மேற்காசியாவுக்கும் இடையே மிகப் பழங்காலத்திலேயே வணிகம் இருந்தது உறுதி. மெலுகா, மகன், தில்முன் நாடுகளின் கப்பல்கள் தன் தலைநகர் அக்காதின் துறையில் நின்றதாகச் சார்கோன் அரசன் (கி.மு. 24–23ஆம் நூற்றாண்டு) பெருமைப்படுகிறான். மெலுகா என்பது சிந்துவெளிப் பகுதி என்பதை ஆய்வாளர் பெரும்பாலோர் ஏற்கின்றனர். மெலுகா மொழியை மொழிபெயர்த்த சூ-இலிசு என்பவனின் முத்திரை பாரிசிலுள்ள லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊர் நகர அரச கல்லறைகளில் லெனார்டு வூலி கண்டெடுத்த செந்நிற மணிகளுள் சில சிந்துவெளிக் கைவண்ணம் உடையவை.

ஆனால் இச்சான்றுகள் சுட்டுவது சிந்து, குசராத்துக் கரைகளை. மெலுகாவிலிருந்து வந்தவையாகச் சொல்லப்படுவன மணிக்கற்கள், மரம், தந்தம், பொன், செம்பு போன்றவை. ஏலக்காய் அவற்றில் இல்லை. கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாபிலோனியச் சமையல் குறிப்புப் பலகைகள் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளன. அவற்றை ஆராய்ந்தவர் பிரெஞ்சு அறிஞர் சான் பொத்தேரோ. அச்சமையலில் மணம் தருபவை வெங்காயம், பூண்டு, லீக், சீரகம், கொத்துமல்லி ஆகியவை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் பொருள் பழங்காலத்தில் மேற்கே சென்றதற்கு ஐயமற்ற சான்று வேறொன்றுக்கு உண்டு. அது மிளகு. கி.மு. 1213இல் இறந்த எகிப்திய அரசன் இரண்டாம் ராம்சேசின் பதப்படுத்திய உடலில், மூக்குத் துளைகளில் மிளகு மணிகள் இருந்தன. 2020 இறுதியில் வெளியான ஓர் ஆய்வு, கி.மு. 2ஆம் ஆயிரமாண்டில் இன்றைய இசுரேல் பகுதியில் வாழ்ந்தோரின் பற்களில் படிந்த காரையிலிருந்து மஞ்சள், வாழை, சோயா ஆகியவற்றின் எச்சங்களைக் கண்டறிந்தது. இவை பொருளே நேரில் கிடைத்த சான்றுகள். ஏலக்காய்க்கு பாபிலோனிலிருந்து இத்தகைய சான்று காட்டப்படுவதில்லை. காட்டப்படுவது ஒரு பெயர் மட்டுமே.

ஏலக்காயின் மேற்குப் பயணத்துக்கு உறுதியான இடம் சற்றுப் பிந்திய காலத்தில் கிடைக்கிறது. கிரேக்கத் தாவரவியலார் தியோபிராசுடசு (கி.மு. 4–3ஆம் நூற்றாண்டு) இப்பெயருடைய நறுமணப் பொருள் மீடியாவிலிருந்து வருவதாகச் சிலரும் இந்தியாவிலிருந்து வருவதாகச் சிலரும் சொல்வதாக எழுதுகிறார். உரோமப் பேரரசின் 2ஆம் நூற்றாண்டுச் சுங்கப் பட்டியலிலும் இப்பெயர் உண்டு. இச்சான்றுகள் பாபிலோன் அரசனின் தோட்டத்தைவிடக் காலத்தால் இளையவை. ஆனால் தம் காலில் நிற்பவை.

சுமேரியம் தமிழா?

இரண்டாம் கூற்றுக்கும் நீண்ட வரலாறு உண்டு. பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த எச். ஆர். ஆல் 1913இல் எழுதிய நூலில், சுமேரியச் சிற்பங்களின் முக அமைப்பு தென்னிந்தியத் திராவிடரை ஒத்திருப்பதாகக் கருதி, சுமேரியர் இந்தியாவிலிருந்து சென்றிருக்கலாம் என்றார். முக அமைப்பைக் கொண்டு மொழியையோ இனத்தையோ முடிவு செய்வதை இன்று எவரும் ஏற்பதில்லை. இலங்கைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆ. சதாசிவம் 1965இல் சுமேரியம் ஒரு திராவிட மொழி என நிறுவ முயலும் நூலை வெளியிட்டார். மலேசியாவின் கி. லோகநாதன் சுமேரியத்தைத் தொல்தமிழ் எனக் கொண்டு பல ஆண்டுகள் எழுதினார். இவர்கள் சுமேரிய மூலங்களைத் தாமே கற்றவர்கள். அவர்களது உழைப்பை மதித்தே, முறையை ஆராய வேண்டும்.

இக்கூற்றின் சார்பாக முதலில் சொல்லப்படுவது ஊர் என்ற நகரப் பெயர். ஆனால் அந்நகரின் சுமேரியப் பெயர் 'ஊரிம்'. 'ஊர்' என்பது பிற்கால வடிவம். சுமேரியத்தில் நகரத்தைக் குறிக்கும் பொதுச்சொல் 'இரி' அல்லது 'உரு'. தமிழ் 'ஊர்' இதை ஒத்திருப்பது உண்மை. அதேபோல, எசுப்பானிய எல்லையில் பேசப்படும் பாசுக்கு மொழியிலும் நகரத்துக்கு 'இரி', 'ஹிரி' என்பதே சொல். ஒலி ஒப்புமை ஒன்றே போதும் என்றால் பாசுக்கியரும் இதே உரிமையைக் கோரலாம்.

எண்ணுப் பெயர்களைப் பார்க்கலாம். சுமேரியத்தில் இரண்டு 'மின்', மூன்று 'எசு', நான்கு 'லிம்மு', ஐந்து 'இயா', பத்து 'உ'. ஏழு 'இமின்', அதாவது ஐந்தும் இரண்டும். ஒன்பது 'இலிம்மு', அதாவது ஐந்தும் நான்கும். தமிழ் எண்கள் இவ்வாறு அமையவில்லை. இவற்றுள் 'இயா' மட்டும் தமிழ் 'ஐ', 'ஐந்து' என்பவற்றை ஒத்தது. அதுவே பெரிதாகக் காட்டப்படுகிறது. ஆனால் திராவிட மொழியான கோண்டியில் ஐந்து 'சையுங்'. சொல்லின் முதலில் இருந்த சகரம் தமிழில் மறைந்துவிட்டது என்பதும், தொல்திராவிட வடிவம் 'சய்ம்' போன்றது என்பதும் ஒப்பிலக்கணத்தார் முடிவு. உண்மையில் இரு மொழிகளும் உறவுடையவையானால், காலத்தில் பின்னோக்கிச் செல்லச் செல்லச் சொற்கள் நெருங்க வேண்டும். இங்கே விலகுகின்றன.

இலக்கண அமைப்பில் வேறுபாடு இன்னும் பெரிது. தமிழ் வினையில் பகுதி முதலில் நிற்கும். காலமும் இடமும் காட்டும் உறுப்புகள் பின்னே ஒட்டும். 'கட்டினான்' என்பதில் 'கட்டு' முதலில் வருகிறது. சுமேரியக் கட்டடக் கல்வெட்டுகளில் 'அவருக்காகக் கட்டினான்' என்பது 'மு-ன-தூ' என வரும். கட்டு எனப் பொருள்படும் 'தூ' இறுதியில் நிற்க, 'அவருக்கு' என்பது உட்பட மற்ற உறுப்புகள் முன்னே நிற்கின்றன. இரு மொழிகளும் ஒட்டுநிலை மொழிகள் என்பது மெய்யே. ஆனால் துருக்கியும் சப்பானியமும் ஒட்டுநிலை மொழிகளே. பொது அமைப்பு உறவைக் காட்டாது. முறையான ஒலி மாற்றங்கள் பல சொற்களில் ஒழுங்காகத் திரும்ப வருவதே மொழியுறவுக்குச் சான்று.

ஒலி ஒப்புமை எவ்வாறு ஏமாற்றும் என்பதற்குப் போடியே நல்ல எடுத்துக்காட்டு. நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் அங்கே உள்ளது. 'ஏலக்காய் ஏலம்' என்பது அன்றாட வழக்கு. மொழி வரலாறு அறியாத ஒருவர், ஏலக்காயை விற்றதால்தான் அவ்விற்பனைக்கு ஏலம் என்று பெயர் வந்தது என எளிதில் முடிவு கட்டிவிடுவார். செடியைக் குறிக்கும் 'ஏலம்' பழைய சொல். விற்பனையைக் குறிக்கும் 'ஏலம்' 'லெய்லாவ்' என்ற போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் வந்தது. ஒரே மொழியில், ஒரே கடைத்தெருவில், முற்றிலும் ஒரே ஒலியுடைய இரு சொற்களே உறவற்றவையாக இருக்கும்போது, நாலாயிரம் ஆண்டு இடைவெளியில் ஓரளவு ஒத்த இரு சொற்களைக் கொண்டு என்ன முடிவுக்கு வர முடியும்?

இதனால் இழப்பது என்ன?

பெருமைக்காகச் சொல்லப்படும் ஒன்றை ஏன் இவ்வளவு ஆராய வேண்டும் என்று கேட்கலாம். இதில் இரு இழப்புகள் உண்டு.

முதலாவது, மலையின் மெய்யான வரலாறு மறைகிறது. ஏலக்காய் நெடுங்காலம் காட்டிலிருந்து சேகரிக்கப்பட்ட பொருள். 19ஆம் நூற்றாண்டில் அதன் வணிகம் திருவிதாங்கூர் அரசின் தனியுரிமையாக இருந்தது. குரங்கணிக்கு மேலே முதுவாக்குடி போன்ற குடியிருப்புகளில் வாழும் முதுவர்கள் அக்காட்டை நன்கறிந்தவர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேசனிலிருந்து கோட்டகுடிக்குக் கம்பிவடத்தில் இறங்கி, போடி வழியே சென்றது. 1924 வெள்ளம் மூணாற்று ரயில் பாதையை அழித்தது. சரத்திலிருந்து காய் எடுக்கும் பெண்கள், ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காயை ஒரு கிலோவாக உலர்த்தும் ஸ்டோர்த் தொழிலாளர், சமவெளியிலிருந்து நாள்தோறும் மலையேறி இறங்குவோர் ஆகியோரின் கதை எழுதப்பட வேண்டியது. 'பாபிலோன் வரை போன ஏலக்காய்' என்ற ஒரு வரி, அதைச் சுமந்தவர்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இரண்டாவது, மெய்யான சான்றுகளின் மதிப்புக் குறைகிறது. தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழி எழுத்துடைய நடுகற்களைக் கண்டெடுத்தனர். அவை இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பழையவை. அவற்றுள் ஒன்று கூடல் ஊரில் நடந்த ஆகோள், அதாவது ஆநிரை கவர்தல் பற்றியது. 'ஊர்' என்ற சொல்லை ஈராக்கில் தேடுவோருக்கு, அச்சொல் தம் மாவட்டத்துக் கல்லிலேயே வெட்டப்பட்டிருப்பது பெரும்பாலும் தெரிவதில்லை. வைகையின் கீழ்ப்பகுதியில் கீழடியின் ஒரு மாதிரி கதிர்க்கரிமக் கணிப்பில் கி.மு. 580 எனக் காலம் பெற்றது. இது பாபிலோனில் நெபுகத்நேசர் ஆண்ட காலம். இவை கல்லும் கரியும் தரும் சான்றுகள். இவற்றையும் பாபிலோன் ஏலக்காயையும் ஒரே மூச்சில் சொன்னால், பின்னது பொய்க்கும் நாளில் முன்னவையும் ஐயத்துக்கு உள்ளாகும்.

முடிவுரை

பாபிலோன் தோட்டத்தில் ஏலக்காய் விளைந்தது என்ற கூற்று, உறுதியற்ற ஒரு சொல்லடையாளத்தின் மேல் நிற்கிறது; செடியின் இயல்பு அதற்கு எதிராக நிற்கிறது. உலர்ந்த காய் வணிகத்தில் சென்றிருக்கலாம் என்பது பொருள் எச்சம் கிடைக்கும்வரை ஊகமே. சுமேரியம் தமிழ் என்ற கருதுகோள், எண்ணுப் பெயர், வினையமைப்பு, ஒலி மாற்ற ஒழுங்கு ஆகிய மூன்று சோதனைகளிலும் தேறவில்லை.

இத்தகைய கூற்றைக் காணும் மாணவர் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். மூலத்தில் இருப்பது பொருளா, பெயரா? பெயரானால், அதன் பொருளை யார், எம்முறையில் முடிவு செய்தார்? இரு சான்றுகளின் காலமும் பொருந்துகின்றனவா? இதே அளவுகோலை வேறு மொழிக்கும் நாட்டுக்கும் வைத்தால் ஏற்கத்தகாத முடிவு வருகிறதா? இக்கேள்விகளுக்கு நின்று விடை சொல்லும் சான்றுகள் தமிழ் வரலாற்றில் குறைவல்ல. அவற்றைப் படிக்கவே காலம் போதாது.